எத்தனை நாளைக்கு?

பல்கலைக்கழகம் என்றவுடன் விரிவுரை மண்டபமும் நூல்நிலையமும் பட்டமளிப்பு விழாவும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், ஊரை விட்டு வந்து பயிலும் மாணவன் ஒருவனைக் கேட்டால், அவன் முதலிற் கூறுவது படுக்க ஓரிடம் தேடி அலைந்த கதையாகவே இருக்கும். அதிலும் கடினமானது நெடுங்காலத்துக்கு இடம் தேடியவன் கதையன்று. மூன்று மாதம், ஆறு கிழமை, பரீட்சை முடியுமட்டும் என்று சிறு தவணைக்கு இடம் தேடியவன் கதையே. நான்கு வருடத்துக்கு வருபவனை வீட்டுக்காரர் குடியிருப்பவனாகக் கணிப்பர். நான்கு நாளைக்கு வருபவனை விருந்தினனாகக் கொள்வர். மூன்று மாதத்துக்கு வருபவன் இவ்விரண்டிலும் அடங்கான். படலையடியில் அவனை எதிர்கொள்ளும் முதல் வினா, “எத்தினை நாளைக்கு?” என்பது.

இந்நாட்டின் உயர்கல்வியைத் தொடக்கத்தில் வகுத்தோர் இவ்வினாவே எழாதிருக்க வழி தேடியவர்கள். 1942 இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் மனத்தில் இருந்தது ஒரு வதிவிடப் பல்கலைக்கழகம். மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் வாழ்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. அருணாசலம், ஜயதிலக்க, இராமநாதன் எனப் பெயர்பெற்ற மண்டபங்கள் ஹந்தானை மலைச்சாரலில் எழுந்தன. தாய்மொழிக் கல்வி பல்கலைக்கழகத்தின் வாயிலை எட்டிய 1960 களில் மாணவர் தொகை பெருகிற்று. ஒருவருக்கென அமைந்த அறையிற் பலர் இருந்தனர். விடுதி கிடையாதோர் கெட்டம்பையிலும் பெனிதெனியவிலும் கதவு தட்டினர். திட்டம் தவறென்று கூறுவதற்கில்லை. கட்டடங்களை விட மாணவர் விரைவாகப் பெருகினர், அவ்வளவே.

யாழ்ப்பாணத்தின் கதை தொடக்கத்திலேயே வேறானது. 1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது, அதற்கு மலைச்சாரல் எதுவும் வாய்க்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலமே அதற்குக் கிடைத்தது. அந்நிலத்தைச் சுற்றி, தின்னவேலி என்று ஊரார் வாயில் வழங்கும் திருநெல்வேலிக் கிராமம் ஏலவே நிறைந்திருந்தது. செம்மண் தோட்டங்கள், கிணறுகள், மதில்களும் வேலிகளும் அடைத்த வளவுகள், பேர்பெற்ற மரக்கறிச் சந்தை இவற்றுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகம் வந்து அமர்ந்தது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. விடுதிகள் பின்னர் எழுந்தனவாயினும், கிராமமே அதன் பெரிய விடுதியாக இருந்து வந்துள்ளது. திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், கலட்டி ஆகிய இடங்களில் மாணவர் தங்காத ஒழுங்கையைக் காண்பது அரிது. முதலாம் வருடத்தாருக்கும் இறுதி வருடத்தாருக்கும் விடுதியில் முன்னுரிமை அளிப்பது நமது பல்கலைக்கழகங்களிற் பரவலான வழக்கம். நடு வருடங்களில் உள்ளோர் ஒழுங்கைகளை நாடுவர்.

அத்தகையோருள் ஒருவன், முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து வந்து கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் பயின்றவன். கோண்டாவிலில் நண்பர் இருவருடன் ஓர் அறையில் இருந்தான். ஆனி மாத நடுவில் ஒருநாள் வீட்டுக்காரர், கனடாவிலுள்ள மகள் நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாகவும் ஆடி பிறக்குமுன் அறையை விடவேண்டுமென்றும் கூறினார். நல்லூர்த் திருவிழா ஆடி அமாவாசைக்குப் பின் கொடியேறி ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும் 25 நாள் விழா. போர் முடிந்த பின்னர், புலம்பெயர்ந்தோர் ஊர் திரும்பும் பருவமாகவும் அது ஆகிவிட்டது. நல்லூருக்கு அண்மையில் உள்ள திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் அக்காலத்தில் ஓர் அறையின் பெறுமதி மாறிவிடும். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒரு நாளைக்குக் கொடுப்பதை மாணவன் ஒரு கிழமைக்கும் கொடுக்க இயலாது. முருகனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் கொடியேற்றம் நெருங்கும்போது சில மாணவரின் நெஞ்சு பதைப்பது பக்தியினால் அன்று.

நண்பர் இருவரும் உறவினர் வீடுகளிற் புகுந்து கொண்டனர். இவனுக்கு யாழ்ப்பாணத்தில் உறவினர் இலர். பரீட்சை புரட்டாதியில் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அடுத்த வருடம் விடுதி கிடைக்கும். இடையில் வேண்டியது மூன்று மாதம்.

இவ்வூரில் அறை கண்டுபிடிப்பது ஒரு தனிக்கலை. பரமேஸ்வராச் சந்தியை அண்டிய போட்டோப்பிரதிக் கடைகளின் கண்ணாடியில் ஒட்டிய துண்டுகள் உண்டு. ஆனால் நல்ல அறை துண்டில் வருவதில்லை. அது வாய்வழியாகக் கைமாறும். வெளியேறும் மாணவன் தன் பின்வருவோனைக் காட்டிவிட்டுப் போவான். அல்லது சாப்பாட்டுக்கடைக்காரர், எந்த வீட்டில் எப்போது கட்டில் வெறிதாகும் என்பதை வீட்டுக்காரருக்கு முன்னரே அறிந்து வைத்திருப்பார். “பெண் பிள்ளைகளுக்கு மட்டும்” என்ற அறிவித்தல்களும் காணப்படும். மாணவியர்க்கு இடம் எளிதிற் கிடைக்கும் என்று ஆண்கள் குறைகூறுவதுண்டு. பொழுதுபடுமுன் பூட்டப்படும் படலையையும், தொலைபேசியில் யாருடன் கதைக்கிறாள் என்று செவிசாய்க்கும் சன்னலையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

அவன் துவிச்சக்கர வண்டியில் நான்கு நாள் திரிந்தான். முதல் வீட்டில், “குடும்பகாரருக்குத்தான் குடுப்பம்” என்றார்கள். இரண்டாவது வீட்டில் அறை இருந்தது. திருவிழாவுக்குப் பின் வந்தால் தரலாம் என்றார்கள். மூன்றாவது வீட்டில் அறையைக் காட்டினார்கள். மேசையும் மின்விசிறியும் இருந்தன. கிணற்றடி சுத்தமாக இருந்தது. வாடகையும் பேசியாயிற்று. அதன் பின்னரே வீட்டுக்காரர் கதிரையிற் சாய்ந்து கொண்டு, “தம்பி எவ்விடம்?” என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வினாவின் ஆழம் தெரியும். ஊரின் பெயரைக் கேட்டு ஊரோடு நிற்பதில்லை. ஊரின் எந்தப் பகுதி, எந்தக் கோயிலடி, யாருடைய மகன் என்று படிப்படியாக இறங்கி, கேட்க விரும்பியதைக் கேட்காமலே அறிந்து கொள்ளும் வினா அது. முல்லைத்தீவு என்றதும், “பூர்வீகமும் அங்கைதானோ?” என்ற அடுத்த வினா வந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய பாட்டனார் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 1977 ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். வீட்டுக்காரர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு உள்ளே சென்று மனைவியுடன் கதைத்துவிட்டு வந்து, “குறை நினைக்காதையும் தம்பி, உந்த அறை நேற்றே ஒரு பொடியனுக்குச் சொல்லிப்போட்டாவாம்” என்றார். அவ்வறைக்கான துண்டு அடுத்த கிழமையும் கடைக் கண்ணாடியில் இருந்தது.

1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியது. 1960 களின் இறுதியிற் கோயில்களின் முன்னும் தேநீர்க்கடைகளின் முன்னும் நடந்த போராட்டங்கள் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. மூடிய கோயிற் கதவைச் சுட்டிக்காட்டலாம். புறம்பாக வைத்த குவளையைச் சுட்டிக்காட்டலாம். “அறை போட்டுது தம்பி” என்ற இனிய சொல்லை எதனாற் சுட்டுவது? கூறுபவரும் சிரித்த முகத்தோடு கூறுகிறார். கேட்பவனும் “பரவாயில்லை ஐயா” என்று சொல்லிவிட்டே வருகிறான். இதைப் பற்றிப் பல்கலைக்கழகத்திற் கட்டுரை எழுதுவோரும் பலர் அதே ஒழுங்கைகளில்தான் குடியிருக்கிறார்கள்.

இவ்விடத்தில் வேறொரு வகை வினாவையும் குறிப்பிடல் தகும். போர்க்காலத்திற் கொழும்பிற் பயிலச் சென்ற தமிழ் மாணவர், வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்தால் அடுத்துப் போகவேண்டிய இடம் பொலிஸ் நிலையமாக இருந்தது. ஏன் வந்தாய், எத்தனை நாள் நிற்பாய் என்பவை அங்கு பதியப்பட்டன. 2007 ஜூன் 7 ஆந் திகதி, கொழும்பிலுள்ள தங்ககங்களில் இருந்த தமிழர் பல நூற்றுவர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்பதே கூறப்பட்ட நியாயம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. சிறிது காலம் தங்க வந்தவனிடம் கேட்கப்படும் கேள்வி, கேட்பவர் கையில் உள்ள அதிகாரத்தைப் பொறுத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அஃது ஓர் எல்லை.

நான்காம் நாள் மாலை, சாப்பாட்டுக்கடைக்காரர் சொன்ன அடையாளத்தின்படி, அவன் கலட்டிப் பக்கத்தில் ஒரு பழைய நாற்சார் வீட்டின் படலையைத் தட்டினான். எழுபது கடந்த மூதாட்டி ஒருவர் தனியே இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், மகன் இலண்டனிலும் மகள் ரொறன்ரோவிலும் இருந்தனர். அறைகள் நான்கில் மூன்று பூட்டியிருந்தன. அவரும் அதே வினாவைத்தான் கேட்டார்.

“எத்தினை நாளைக்குத் தம்பி?”

“மூண்டு மாதம் அம்மா. சோதினை முடியுமட்டும்.”

“மூண்டு மாதமெண்டால் மூண்டு மாதம்தானோ?”

முந்திய வீடுகளில் இவ்வினாவுக்கு அவன் உறுதியாக ஆம் என்று கூறியிருந்தான். அன்று களைப்பினாலோ வேறெதனாலோ, “சோதினை பிந்தினால் தெரியாதம்மா” என்றான்.

மூதாட்டியார் சிரித்தாராம். “நாங்கள் மூண்டு நாள் எண்டுதான் வெளிக்கிட்டனாங்கள்” என்றார்.

அவர் குறிப்பிட்டது 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதியை. அன்று வலிகாமத்து மக்கள் தம் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சி நோக்கி வெளியேறினர். இலட்சக்கணக்கானோர் செம்மணி வெளியைக் கடந்து, மழையில், இருளில், நாவற்குழிப் பாலத்தின் ஒடுங்கிய வழியே அடி அடியாக நகர்ந்தனர். கணவரும் இரு பிள்ளைகளும் ஒரு சைக்கிளும் இரண்டு பைகளுமாக இவரும் நடந்தார். விடிந்த பின் மட்டுவிலில் முன்பின் அறியாத ஒரு வீட்டின் படலையில் நின்றார்கள். “அந்த மனிசி எத்தினை பேர் எண்டுதான் கேட்டவ. எத்தினை நாளைக்கு எண்டு கேக்கேல்லை” என்றார் மூதாட்டியார். அவ்வீட்டு விறாந்தையில் அவர்கள் இருந்தது ஆறு மாதம். 1996 சித்திரையில் தென்மராட்சியும் படையினர் வசமான பின்னரே திருநெல்வேலிக்குத் திரும்பினர். எல்லாரும் அவ்வாறு நடந்தனர் என்று அவர் கூறவில்லை. மாட்டுக் கொட்டிலுக்கும் காசு கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதையும் அதே மூச்சிற் சொன்னார்.

இவ்வளவு கதைத்தவர் அறையை இனாமாகக் கொடுத்துவிட்டார் என்று கருத வேண்டாம். மாதம் 8,000 ரூபா. ஒரு மாதக் காசு முன்னதாகத் தரவேண்டும், அது கடைசி மாதத்தில் கழியும். மின்சாரக் கட்டணத்தில் மூன்றிலொரு பங்கு. தண்ணீர் மோட்டரைக் காலையில் ஒருமுறை மட்டும் போடலாம். அதற்குமேல் வேண்டுமானால் வாளியால் அள்ளலாம். ஒன்பது மணிக்குப் படலை பூட்டப்படும். மச்சம் சமைக்கக் கூடாது; வெளியே சாப்பிட்டு வந்தால் அவர் கேட்கமாட்டார். “இதெல்லாம் இப்பவே சொல்லிப்போட வேணும் தம்பி. பிறகு மனம் நோகப்படாது.” எவ்விடம் என்று அவரும் கேட்டார். ஹற்றன் என்ற சொல்லும் வந்தது. “அப்ப உம்மடை ஆக்களும் கனதரம் வீடு மாறினவைதான்” என்று சொல்லிவிட்டு அறைத் திறப்பை எடுக்க எழுந்தார்.

நமது வீட்டுக்காரர் பலர் இவ்வாறு நிபந்தனைகளைத் தெளிவாகக் கூறுவதில்லை. “எங்கடை பிள்ளை மாதிரி இரும்” என்று தொடங்குவர். கேட்க இனியதாயினும் அச்சொல் ஆபத்தானது. பிள்ளை மாதிரி இருப்பவனுக்கு ரசீது கிடையாது. வாடகை எப்போது கூடும் என்று அவன் கேட்க இயலாது. சந்தைக்குப் போவதும் மருந்து வாங்கி வருவதும் அவன் கடனாகிவிடும். அறையை விடச் சொல்லும் நாளில் மட்டும் அவன் வாடகைக்காரனாகி விடுவான். 2020 பங்குனியில் கோவிட் பரவலால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, மாணவர் புத்தகங்களையும் பாய்களையும் அறைகளில் விட்டுவிட்டு ஊர் சென்றபோது இந்த உறவின் வலிமை தெரிந்தது. வெற்றறைக்கு வாடகை கொடுப்பதா, பாதி கொடுப்பதா, கொடாதிருப்பதா என்பதற்கு எழுத்தில் எதுவும் இருக்கவில்லை. விட்டுக்கொடுத்த வீட்டுக்காரரும் உண்டு. பொருட்களை மூட்டை கட்டி வெளியே வைத்தவரும் உண்டு. இருதரத்தாரும் முன்னர் பிள்ளை என்றே அழைத்தவர்கள்.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்கு வலுவான பாதுகாப்பு அளித்தது. குடிவந்தவரை எழுப்ப முடியாமல் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறிய கதைகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. பின்வந்த திருத்தங்களால் அச்சட்டத்தின் பிடி தளர்ந்தபோதும், அச்சம் தளரவில்லை. மாணவனுக்கு அறை கொடுக்கப் பலர் முன்வருவதற்குக் காரணம் கல்விமேற் கொண்ட பற்று மட்டுமன்று. படிப்பு முடிந்தால் அவன் போய்விடுவான் என்ற உறுதியே. போவான் என்பதற்காக அவனை ஏற்கிறார்கள். மிக விரைவிற் போவான் என்பதற்காக மறுக்கிறார்கள். குறுங்காலத்துக்கு இடம் தேடுபவன் இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டவன்.

அவன் மூன்று மாதம் அவ்வீட்டில் இருந்தான். இரவில் அவன் மேசை விளக்கு எரியும்வரை தமக்கு நித்திரை நன்றாக வருவதாக மூதாட்டியார் அயலாரிடம் சொன்னார். திங்கள்தோறும் ரொறன்ரோவிலிருந்து வரும் காணொளி அழைப்பை எடுத்துக் கொடுப்பது அவன் வேலையாயிற்று. அவர் அதற்கு ஈடாக ஒரு தட்டில் இடியப்பமும் சொதியும் வைத்து மூடி, அறை வாசலில் வைத்துவிடுவார். கொடுக்கல் வாங்கல் என்று இருவரும் அதற்குப் பெயரிடவில்லை. அவன் காலையில் எழுந்ததும் பாயை இறுக்கிச் சுருட்டிக் கயிற்றாற் கட்டி மூலையில் நிறுத்துவதை அவர் சில நாள் பார்த்திருந்துவிட்டு, கட்டில் இருக்கப் பாய் எதற்கு என்று கேட்டார். 2009 இல், தனக்கு ஏழு வயதாயிருந்தபோது, மெனிக்பாம் முகாமின் கூடாரத்திற் பழகியது என்றான். பகலிற் பாய் விரிந்து கிடந்தால் அங்கு நடக்க இடமிராது. அவர் மேலும் கேட்கவில்லை. அன்று முதல் மோட்டரை மாலையிலும் ஒருமுறை போடலாம் என்று மட்டும் சொன்னார்.

ஆவணியில் இலண்டனிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்தார். பூட்டியிருந்த அறைகள் திறக்கப்பட்டன; அவற்றுள் ஒன்றின் கூரை ஒழுகியது. அவ்வறையில் இருக்கவேண்டியவர்க்கு மாணவனின் அறையை விட வேறு இடமில்லை. பரீட்சைக்கு இன்னும் சில கிழமைகளே இருந்தன. அவனை வேறிடம் பார்க்கச் சொல்லலாமே என்று மகன் கேட்டது அவன் காதிலும் விழுந்தது. அதில் வன்மம் எதுவுமில்லை. விடுமுறைக்கு வந்த ஒருவர் கூறும் சாதாரண யோசனை அது. அவன் அன்றிரவே புத்தகங்களை அடுக்கத் தொடங்கினான். மூதாட்டியார் வந்து, முன் விறாந்தையின் ஒரு பக்கத்தைப் பழைய சேலையால் மறைத்து, மேசையை அங்கே கொண்டுபோய் வைக்கும்படி சொன்னார். “பத்து நாள்தானே தம்பி. நுளம்புத் திரி வாங்கி வைச்சிருக்கிறன்.”

பத்து நாளும் அவன் விறாந்தையில் இருந்து படித்தான். சிறுவர் இருவர் அவன் மேசையைச் சுற்றி ஆங்கிலத்திற் சத்தமிட்டு ஓடினர். ஒரு நாள் மழைச்சாறலில் குறிப்புக் கொப்பி ஒன்று நனைந்தது. படிப்புக்கு ஏற்ற இடம் என்று அதனைச் சொல்ல முடியாது. வந்தவர்கள் போன பின் அறைக்குத் திரும்பினான். பரீட்சை பிந்தாமல் நடந்தது.

போகும் நாளில் மூதாட்டியார் நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்திற் கணக்கு எழுதி வைத்திருந்தார். முற்பணம் 8,000. அறையில் இருந்த 20 நாளுக்கு 5,300. மின்சாரப் பங்கு 640. விறாந்தையில் இருந்த 10 நாளுக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது. அதற்கும் எடுக்கும்படி அவன் சொன்னான். “விறாந்தைக்கு ஆரும் காசு வாங்கிறதே” என்றார் அவர். மின்சாரக் காசை மட்டும் அவன் சரிபார்க்கவேண்டும் என்று பில்லையும் எடுத்து நீட்டினார். அவன் பார்த்து, சரி என்றான். மிகுதி 2,060 ரூபா. தாள்களை இருமுறை எண்ணிக் கொடுத்துவிட்டு, அறுபது ரூபாவுக்குச் சில்லறை தேட உள்ளே போனவர் திரும்பி வரச் சிறிது நேரமாயிற்று.